கொய்யா தின்றவன்

கிழங்கு துருவுகிற அன்றைக்குப் பார்த்துத்தான் குவாரெய் வந்து சேர்ந்தான்.

மலைக்கு மேலே ஏறி வந்த பிறகு, மூட்டம் போட்ட நாளில்தான் அடை சுடுவது என்று ஆகிப்போயிருந்தது. வெயில் நாளில் அடுப்பு மூட்டினால் புகை நேராக எழுந்து நிற்கும். கீழே யாக்கே ஆற்றங்கரையில், கப்பலில் வந்து கோட்டை கட்டி நிற்கிற சட்டைக்காரனை, இங்கே வா என்று நாமே கையாட்டிக் கூப்பிட்ட மாதிரி. மூட்டத்தில் புகை எது மேகம் எது என்று ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. ஊரில் இருந்த காலத்தில் மழை பிடித்தால் கயிற்றுத் தூளியில் சுருண்டு கிடப்போம். இப்போது மழை பிடித்தால்தான் இடுப்பொடிகிற வேலை.

கசிமா துருவிக்கொண்டிருந்தாள். கல்சில்லு பதித்த பலகையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தோல் சீவின மரவள்ளியை மேலும் கீழும் போட்டு இழுத்தாள். விரல் முட்டிகளில் தோல் போய் ரத்தம் கசிந்தது. துருவலில் அங்கங்கே சிவப்புப் பட்டிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அனாபே பிழிந்துகொண்டிருந்தாள். ஓலைநாரில் பின்னின நீளப்பை, ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். துருவலை அதில் திணித்துக் கிளையில் தொங்கவிட்டு, அடிக்காதில் ஒரு கம்பைச் செருகி, அந்தக் கம்பின்மேல் ஏறி உட்கார்ந்துவிடவேண்டும். பாரம் ஏற ஏறப் பை நீண்டு இறுகும். வெள்ளைச்சாறு அடியில் வைத்த பானையில் சொட்டும். கொதிக்கவைத்து மிளகாய் நசுக்கிப்போட்டால் அந்தச் சாறுதான் எங்களுக்குக் குழம்பு. பச்சையாக ஒரு மிடறு போனால் அன்றைக்கே ஆள் முடிந்தான். ஆற்றோரம் ஒரு வீட்டில், தங்கம் அரிக்க ஆள் பிடிக்கிறவர்கள் வாசலுக்கு வந்தபோது, வீட்டோடு பச்சைச்சாறைக் குடித்துவிட்டுக் கிடந்தார்கள். உலை ஏற்றிய பானை அப்படியே கொதித்துக்கொண்டிருந்ததாம்.

"நல்லா அழுத்தி உக்காரு தாயி" என்றாள் கசிமா. "காத்துல பஞ்சு விழுந்தாப்புல உக்காந்தா சாறு எறங்குமா? எந்தம்பி போனதுலருந்து நீ எலும்பாப் போயிட்ட. ஒன்ன வச்சு ஒரு பை பிழியிறதுக்குள்ள ரெண்டு பை துருவிருவேன் நான்."

"அப்ப நீங்க வந்து உக்காருங்க மதினி. பை அறுந்து விழுந்தா என்னையச் சொல்லாதீங்க."

கசிமா சிரித்தாள். பருத்த உடம்பு அவளுக்கு. பஞ்சத்திலும் எப்படியோ குறையவில்லை. அவள் அனாபேயின் அண்ணன் மாயோபாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அனாபே அவள் தம்பி குவாரெயிக்கு வாழ்க்கைப்பட்டவள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. போன தடவை கிழங்கு நட்ட சமயத்தில் குவாரெயைத் தங்கம் அரிக்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கோட்டையிலிருந்து தப்பி வந்தவன் ஒருத்தன், நாயை அவிழ்த்து அவன்மேல் ஏவினார்கள், வயிற்றைக் கிழித்துப் போட்டது, கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கசிமா தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். காட்டோரம் கொய்யாப்பழம் கொண்டுபோய் வைத்தாள். அனாபே அழவும் இல்லை, பழம் வைக்கவும் இல்லை. அந்தத் தப்பி வந்தவன் சொன்னதை அவள் முழுசாக நம்பவில்லை. அவன் அவ்வளவு தூரம் தப்பி வந்ததையே அவள் நம்பவில்லை.

மத்தியானமா சாயங்காலமா என்று சொல்லமுடியாத வெளிச்சம். சூரியனைப் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று. எங்கள் நாய்களுக்குக் குரைக்கத் தெரியாது. அடுப்பங்கரையில் கிடந்த நாய் எழுந்து முதுகுமயிரைச் சிலிர்த்துக்கொண்டு கிழங்குமேடுகளுக்கு அந்தப் பக்கம் பார்த்தது. பார்த்தால், மேட்டுச்சந்தில் சட்டை போட்ட ஆள்.

கசிமாவின் கையிலிருந்து கிழங்கு விழுந்தது.

"அனாபே" என்று கூப்பிட்டான் அந்த ஆள்.

அவள் எழுந்துவிட்டாள். பாரம் போனதும் பை விர்ரென்று சுருங்கி மேலே ஏறியது.

"ஏன்னு சொல்லாதட்டீ!" என்று கசிமா அவள் வாயைப் பொத்தினாள். "பேரச் சொல்லிக் கூப்புட்டா ஏன்னு கேக்கப்படாது. அது எந்தம்பி இல்ல. எந்தம்பியத்தான் நான் அழுது முடிச்சிட்டேனே."

மாயோபா தோண்டுகம்போடு வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தான். கம்பைக் கீழே போடவில்லை.

"யாரு?"

"நாந்தான் மச்சான்."

"எந்த நாந்தான்? இந்த மலைபூரா நாந்தான் நாந்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறவன் எத்தன பேரு."

"குவாரெய்."

"ஓகோ. சட்டை யாருது குவாரெய்?"

வந்தவன் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான். முழங்கால்வரை தொங்கிய அழுக்குச் சட்டை. நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "அங்க குடுத்தாங்க. போடச் சொன்னாங்க."

"இங்க கழத்தச் சொல்லுதேன்."

"குளுருது மச்சான்."

"நனைஞ்ச துணியில நிக்கவனுக்குத்தான் குளுரும். கழத்திட்டு அடுப்புகிட்ட உக்காந்தா கொஞ்ச நேரத்துல காஞ்சிரும்."

"இருக்கட்டும்" என்றான். இரண்டு கையாலும் வயிற்றுப்பக்கம் துணியைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் பக்கம் யாரும் வயிற்றை மூடுவதில்லை. கல்யாணமான பெண்கள் இடுப்பிலிருந்து முன்துணி கட்டுவார்கள். அதுவும் தொப்புளுக்குக் கீழேதான். உயிரோடிருக்கிறவனுக்குத் தொப்புள் இருக்கும், செத்தவனுக்கு இருக்காது. மற்றபடி இரண்டு பேருக்கும் வித்தியாசம் கிடையாது. அதே முகம், அதே குரல், அதே சிரிப்பு. வெளிச்சம் மங்கினதும் செத்தவர்கள் காட்டைவிட்டு இறங்கிக் கொய்யா தின்பார்கள். ஆசைப்பட்ட வீட்டுக்கு வந்து தூளியில் படுத்துக்கொள்வார்கள். அதனால்தான் மங்கலில் பக்கத்தில் ஆள் வந்தால் முதலில் வயிற்றைத் தடவிப் பார்ப்பது. மீனுக்குப் போய்விட்டு நேரங்கழித்து வருகிற புருஷனைப் பெண்டாட்டி தடவிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு உசுரோடதான் இருக்கீரு, மீன் எங்க?" என்பாள். அதெல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்த காலம்.

வீட்டுக்குள்ளே விடவில்லை. அடுப்புச் சாய்ப்பில், கூரை ஒழுகுகிற பக்கமாக உட்காரவைத்தார்கள். அனாபே அடையில் ஒன்றை எடுக்கப்போனாள். கசிமா அதற்கு முன்னால் ஒரு கூடை கொய்யாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் தொப்பென்று வைத்துவிட்டு, நாலு எட்டு பின்னுக்கு நகர்ந்து நின்றாள்.

அவன் சாப்பிடுவதற்கு முன்னால் வலது கையை எடுத்து நெற்றியைத் தொட்டான். நெஞ்சைத் தொட்டான். இரண்டு தோளையும் தொட்டான். என்னமோ முனகினான். பிறகு கொய்யாவை எடுத்து, காம்பு, விதை, தோல் எதையும் பார்க்காமல் வாயில் போட்டு அரைத்தான். சாறு தாடையில் வழிந்தது. கூடை அடி தெரிந்தது.

"பாத்தியா? பாத்தியா?" கசிமா புருஷனின் தோளைக் கிள்ளினாள். "எம்புட்டு ஆசையாத் திங்கிது பாரு. நெத்தியத் தொட்டுச்சு, நெஞ்சத் தொட்டுச்சு, தோளத் தொட்டுச்சு. வயித்துப் பக்கம் கை போச்சா? போகல. அங்கதான் ஒண்ணும் இல்லயே, எதத் தொடும்?"

"பசிச்சவன் கல்லையும் திம்பான்" என்றான் மாயோபா. "செத்தவன் எங்கயாச்சும் சாமி கும்பிட்டுட்டுத் திம்பானா? அது சட்டைக்காரன் பழக்கம். தலையில தண்ணி ஊத்திப் பேரு வச்சு அனுப்பியிருக்கான்." சாய்ப்பைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "ஏ மாப்ளே, அங்க ஒனக்கு என்ன பேரு வச்சாங்க?"

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "அலோன்சோ."

"கேட்டியா? பேரையும் குடுத்துட்டு வந்திருக்கான்."

மாயோபா அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கம்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டான்.

"எந்த வழியா வந்த?"

"ஆத்தோரமா வந்து, நாணல்காட்டுல ஏறி."

"ஆறு பெருகிக் கெடக்கே."

"மரத்தப் பிடிச்சிக்கிட்டு மிதந்து வந்தேன்."

"மிதந்து வந்தியா? அம்புட்டுத் தூரம் தண்ணியில கெடந்தும் சட்டை கழண்டு போகல."

"கட்டியிருந்தேன்."

"நாங்க இங்கன இருக்கோம்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மச்சான். நீங்க கெழங்கு நடணும்னா தண்ணி வேணும், சரிவு வேணும், கீழருந்து பாத்தாத் தெரியக்கூடாது. இந்த மலையில அப்பிடி எடம் எத்தன இருக்கு? ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு வந்தேன்."

இந்தப் பதில்தான் மாயோபாவை அடித்துப்போட்டது. இவ்வளவு யோசித்து ஒருத்தன் கண்டுபிடிக்கிற இடம் என்றால், இந்த யோசனையை வேறொருத்தனுக்கும் அவன் சொல்லிக்கொடுக்கலாம். சட்டைக்காரனுக்கு அடை சுடத் தெரியாது, கிழங்கு நடத் தெரியாது. அவன் கப்பலில் வந்த மாவு புழுத்துப்போய்விட்டது என்று கேள்வி. கோட்டையில் பசி. தங்கத்தைத் தேடுகிறதைவிட இப்போது அவன் கிழங்கைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

மாயோபா எழுந்து பிழிகிற மரத்தடிக்குப் போனான். ஒரு சுரைக்குடுக்கையை எடுத்துப் பானைச் சாறை மொண்டான். அடுப்புப்பக்கம் கொண்டுபோகவில்லை. அன்னாசிச் சாறு இருந்த கலயத்திலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றி, குச்சியால் கலக்கி, இலையால் மூடி மரத்தடியிலேயே வைத்தான்.

அனாபே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது யாருக்குண்ணே?"

"தாகமா இருக்கும்ல அவனுக்கு."

"அண்ணே."

"ஏன் பல்லக் கடிக்க? நீயே சொல்லு. வடக்குச் சரிவுல இருந்தவங்க எப்பிடிப் போனாங்க? இப்பிடித்தான் ஒரு மருமகன் வந்தான். தப்பிச்சு வந்தேன்னான். தூளி கட்டிக் குடுத்தாங்க. மழை விட்டதும் பின்னாலயே நாயும் குதிரையும் வந்துச்சு. இப்ப அந்தச் சரிவுல யாரு இருக்கா? காக்காதான் இருக்கு."

"இவரு அப்பிடி இல்ல."

"எவரு? நீ தொட்டுப் பாத்தியா, அது யாருன்னு? ஒம் மதினி செத்தவன்னு சொல்லுதா. நான் சட்டைக்காரன் ஆளுங்கேன். நீ புருசன்னு சொல்லுத. ஒரு சட்டைக்குள்ள மூணு பேரு இருக்க முடியாது தாயி." குரலைத் தாழ்த்தினான். "செத்தவன்னா ஒரு தொந்தரவும் இல்ல. கொள்ளியக் காட்டி வெரட்டிட்டு, எடத்த மாத்திக்கிட்டுப் போயிரலாம். செத்தவன யாரு கொல்ல முடியும்? ஆனா தொப்புளு இருந்து, உசுரும் இருந்து, அந்தச் சட்டையும் இருந்தா, அப்பறம் நான் விடமாட்டேன். விட்டா நாம மூணு பேரும் கீழ கெடப்போம்."

"நான் பாக்கேன்" என்றாள் அனாபே. "நான் பாத்துச் சொல்லுற வரைக்கும் குடுக்கையத் தொடக்கூடாது."

"நல்லாப் பாத்துச் சொல்லு. இருட்டட்டும்னு காத்திருக்காத. இருட்டுல அவன் பலம் எனக்குத் தெரியாது."

சிவப்பு விதைச் சாந்தை ஒரு சிப்பியில் எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். கொசுவுக்கும் குளிருக்கும் உடம்பில் பூசுகிற சாந்து. புருஷன் வெளியூர் போய் வந்தால் பெண்டாட்டி பூசிவிடுவது வழக்கம். கசிமா வீட்டுவாசலில் ஒரு கொள்ளிக்கட்டையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை சாய்ப்பின் விளிம்பில் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திரைக்கு உள்ளே பேசுவது வெளியே கேட்காது.

அவன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம் இருந்தது. மச்சம் செத்தவர்களுக்கும் இருக்கும்.

"கையக் குடுங்க."

கொடுத்தான். உள்ளங்கை தோல் உரிந்து, தட்டைப் பிடித்து மணல் அரித்துக் காய்ப்பேறியிருந்தது. பூசினாள். காலில் பூசினாள். கால் முழுக்க நாணல் கீறல். சட்டையின் கழுத்துக்குள் கைவிட்டு முதுகில் பூசினாள். முதுகில் தடிப்புகள் வரிவரியாக ஓடின. கை முன்பக்கம் வந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் அனாபே."

"ஏன்?"

"ஒனக்குத் தெரியும் ஏன்னு. அதத் தொட்டுட்டா ஒன்னால என்னைய வச்சுக்கிட முடியாது."

"தொடலைன்னா எங்கண்ணன் ஒங்களுக்குக் குடிக்கத் தருவான்."

அவன் மரத்தடியில் இலை மூடின குடுக்கையைப் பார்த்தான். பிடியைத் தளர்த்தினான்.

சட்டைக்குக் கீழாகக் கையை விட்டாள். விலாவெலும்பு. அதற்குக் கீழே பள்ளம். அதற்குக் கீழே தொப்புள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முண்டு. மரத்தில் வெட்டின கிளை மூடிக்கொண்ட மாதிரி, முடிச்சு முடிச்சாகக் கெட்டித் தோல். விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். மேலே, கீழே, இடுப்பு ஓரம்வரை. எங்கேயும் குழி இல்லை.

அவள் கையை எடுக்கவில்லை. அந்த வயிறு சூடாக இருந்தது. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

"நாயி" என்றான் அவன். "பெருசா, இடுப்பு ஒசரத்துக்கு இருக்கும். நம்ம நாயப் பாத்துட்டு அத நாயின்னே சொல்ல வராது."

"யாரு தச்சது?"

"குதிரைக்கு மருந்து போடுறவன் ஒருத்தன். அவன்தான் நூலப் போட்டு இழுத்துத் தச்சான். சூடாக் கொழுப்ப ஊத்துனான்."

"நாய ஏவிவிட்டவங்களே எதுக்குத் தைக்கணும்?"

அவன் சட்டை நுனியை முறுக்கிப் பிழிந்தான்.

"கேக்கேன்ல. எத்தனையோ பேர நாய்க்குப் போட்டாங்களே, எல்லாத்துக்கும் தச்சாங்களா? ஒங்களுக்கு மட்டும் எதுக்குத் தச்சாங்க?"

"கெழங்கு எங்க கெடக்குன்னு தெரியும்னு சொன்னேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாயி வயித்துல வாய் வச்சிருக்கும்போது மனுசன் என்ன வேணாலும் சொல்லுவான் அனாபே. நீயா இருந்தாலும் சொல்லுவ."

"சொன்னீங்க. காட்டுனீங்களா?"

"ஆறுன பெறகு நம்ம பழைய காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நாம விட்டுட்டு வந்தமே, அங்க. பூரா அழுகிக் கெடந்துச்சு. சட்டைக்காரன் ஒரு மேட்டத் தோண்டிப் பாத்தான், நாத்தம் குடலப் பிடுங்குது. திரும்பி என்னையப் பாத்தான். நான் ஆத்துல குதிச்சிட்டேன்."

"நாயி?"

"அவுத்தாங்க. மழையில மோப்பம் எடுபடல."

"மழை விட்டா?"

அவன் மழையைத் திரும்பிப் பார்த்தான். அவள் கை இன்னும் அவன் வயிற்றில்தான் இருந்தது. சொல்வது நிஜமாக இருக்கலாம். நிஜமென்றால் இப்படித்தான் இருக்கும். பொய்யென்றாலும் இப்படித்தான் இருக்கும், யோசித்துக் கட்டின பொய்யாக இருந்தால். கிழங்கு நடுகிற இடத்தை யோசித்துக் கண்டுபிடிக்கிறவனுக்கு இந்தக் கதையை யோசிக்கத் தெரியாதா? தூங்கும்போது இவன் முகத்தை எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறோம், இந்த முகத்தில் பொய் எந்தப் பக்கம் இருக்கும் என்று ஒருநாள்கூடக் கவனிக்காமல் போய்விட்டோமே என்று நினைத்தாள்.

"எனக்கு வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சு" என்றான் அவன். "வேற ஒண்ணும் இல்ல."

கையை எடுத்தாள். விரலில் மிச்சமிருந்த சாந்தை அவன் நெற்றியில் தேய்த்துவிட்டு எழுந்தாள்.

மழையில் நனைந்துகொண்டே மரத்தடிக்கு வந்தாள். மாயோபா எழுந்து நின்றான். கசிமாவும் கொள்ளியோடு ஓடிவந்தாள். நனைந்த கொள்ளி சீறியது.

"என்ன?" என்றான் மாயோபா.

"இல்ல" என்றாள் அனாபே.

"என்ன இல்ல?"

"தொப்புளு இல்ல. தோலு மூடிக் கெடக்கு."

கசிமா ஓவென்று குரலெடுத்தாள். "நான் சொன்னேன்ல! வந்ததுமே சொன்னேன்ல! நான் வச்ச பழத்த ருசி கண்டுக்கிட்டு எந்தம்பி தேடி வந்திருக்கானே!" அவள் அழுகையில் பாதி பயம், பாதி சொன்னது பலித்துவிட்ட சந்தோஷம்.

மாயோபா தங்கச்சியின் முகத்தையே பார்த்தான். மூக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"அனாபே, நீ எங்கிட்டப் பொய் சொல்லுதியா?"

"பொய் இல்ல."

"அவனக் காப்பாத்தணும்னு சொல்லுதியா?"

"போய் நீயே தொட்டுப் பாரு." சாய்ப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "சட்டைக்குள்ள கையவிட்டு நல்லாத் தடவிப் பாரு. நான் சொன்னது பொய்யா இருந்தா அந்தக் குடுக்கைய எனக்குக் குடு. நான் குடிக்கேன்."

மாயோபா சாய்ப்பைப் பார்த்தான். இரண்டு சட்டைக்காரனைத் தோண்டுகம்பால் அடித்து ஆற்றில் தள்ளினவன் அவன். குதிரையை நேருக்கு நேர் நின்று பார்த்தவன். ஒரு எட்டு வைத்தான். சாய்ப்புக்குள்ளே நெற்றியில் சிவப்போடு உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். வைத்த காலை மாயோபா பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"செத்தவனத் தொட்ட கையோட கெழங்கு நட முடியாது" என்று முணுமுணுத்தான். "முளைக்காது."

குடுக்கையை எடுத்து இலையை விலக்கித் தரையில் கவிழ்த்தான். வெள்ளைச்சாறு மழைத்தண்ணீரோடு ஓடி மேட்டுச்சந்தில் இறங்கியது. நாய் முகர வந்தது. கசிமா கொள்ளிக்கட்டையால் அதை அடித்து விரட்டினாள்.

பிறகு வழக்கப்படி நடந்தது. கசிமாவும் மாயோபாவும் ஆளுக்கொரு கொள்ளியை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒம் பங்கத் தின்னுட்ட, ஒன் வழியப் பாத்துப் போ" என்று கத்திக்கொண்டே சாய்ப்பை நோக்கிப் போனார்கள். அவன் சண்டைபோடவில்லை. எழுந்து, குனிந்து, கிழங்குமேடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டான். கொள்ளியின் வெளிச்சம் எட்டாத தூரம். செத்தவர்கள் எங்கே உட்காரவேண்டும் என்று அவனுக்கும் தெரியும்தானே.

செத்தவன் வந்து தின்ற இடத்தில் குடியிருக்கக்கூடாது. கிழங்கு இன்னும் பாதிகூடப் பருக்கவில்லை. ஒவ்வொரு மேடும் மாயோபா தன் கையால் மண்ணைக் கூட்டி அணைத்தது. ஒரு மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். வாயில் வந்த வசவையெல்லாம் சட்டைக்காரனுக்குக் கொடுத்தான். முடிந்தமட்டும் தோண்டிக் கூடையில் போட்டார்கள். மிச்சத்தின் தண்டை ஒடித்துப் போட்டார்கள், யாருக்கும் ஆகாதபடி. சுட்ட அடையை ஓலையில் கட்டினார்கள். அடை சுடுகிற மண்சட்டியைக் கசிமா தலையில் தூக்கிக்கொண்டாள். கூரைமூலையிலிருந்த கல்சாமியைப் பஞ்சில் சுற்றி மாயோபா கக்கத்தில் இடுக்கினான்.

விடியும்போது மழை விட்டிருந்தது. மேகம் கிழிந்து, கீழே பள்ளத்தாக்கு துடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து யாருக்கும் சந்தோஷமில்லை.

"நட" என்றான் மாயோபா. "பேச்சு வேணாம். மேக்காப் போயி, அருவிக்குப் பின்னால எறங்குறோம்."

அவனும் கசிமாவும் முன்னால் இறங்கினார்கள். அனாபே நடுவதற்கு வேண்டிய தண்டுகளைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று பின்தங்கினாள். தண்டு இல்லாமல் எங்கே போயும் பிரயோசனமில்லை. அதனால் அண்ணன் தடுக்கவில்லை.

நல்ல கணுவாகப் பார்த்து ஒடித்துக் கட்டினாள். கட்டி முடித்து நிமிர்ந்தபோது குவாரெய் இரண்டு மேடு தள்ளி நின்றுகொண்டிருந்தான். வெயில் அவன்மேல் விழுந்தது. அவனுக்குப் பின்னால் ஈரமண்ணில் அவன் நிழல் நன்றாகக் கிடந்தது.

"நீ சொன்னதுனாலதான் நான் நிக்கேன்" என்றான்.

"இருந்ததத்தான் சொன்னேன்."

"சரி."

கட்டைத் தோளில் ஏற்றினாள். அவன் உதவிக்கு ஒரு எட்டு வைத்தான். அவள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான்.

"எந்தப் பக்கம் போறீங்க எல்லாரும்?" என்றான்.

புருஷன் என்றால் இதைத்தான் கேட்பான். அனுப்பிவைத்த ஆள் என்றாலும் இதைத்தான் கேட்பான். குரலில் எதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். களைப்புத்தான் இருந்தது. களைப்பு இரண்டு பேருக்கும் பொது.

அவள் கையை நீட்டினாள். கிழக்கே, மொட்டைப்பாறை தெரிகிற பக்கம்.

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான்.

"அங்க தண்ணி கெடையாதே அனாபே."

அவள் கை அசையவில்லை.

பிறகு அவள் காட்டின பக்கமே, கிழக்கே, ஒடித்துப்போட்ட தண்டுகளை மிதித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான். சரிவில் ஏறினான். பாறைக்குப் பக்கத்தில் ஒருதரம் தடுமாறி, கையை ஊன்றி எழுந்து, அந்தப் பக்கம் இறங்கிவிட்டான்.

மேற்கேயிருந்து மாயோபா சீட்டியடித்துக் கூப்பிட்டான். இரண்டாவது சீட்டிக்குப் பிறகுதான் அனாபே நீட்டின கையை மடக்கினாள்.